முதலைக்கு உயிர் கொடுங்கள், எம்.ஜி.ஆர். வருகிறார்!

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் இருக்கலாம். ஆதார் அட்டை எடுக்காதவர்கள்கூட இருக்கலாம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ‘பொன்னியின் செல்வ’னுக்கு நடிகர் பட்டியல் போடாத ஆசாமி மட்டும் இருக்கவே முடியாது. ஐந்து பாகங்களையும் படித்தவர்கள் போடுவார்கள். முதல் பாகத்தில் பாதியோடு நிறுத்தியவர்கள் இன்னும் ஆவேசமாகப் போடுவார்கள்.

அந்தப் பட்டியல்களில் ஒரு விநோதம் கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் முதலில் நிரப்புவது வந்தியத்தேவனைத்தான். தலைப்பே யார் பெயரில் இருக்கிறதோ அந்த அருள்மொழிவர்மனுக்கு இரண்டாவது இடம். பாவம், கல்கியே அவரை அப்படித்தான் நடத்தினார். பழைய கதையாக ஒரு எட்டு தலைகாட்டியதோடு சரி. கதை நடக்கிற காலத்துக்குள் இளவரசர் நேரில் வந்து நிற்பது இரண்டாம் பாகத்தில், அதுவும் கடல் தாண்டி இலங்கையில். தன் பெயரில் ஓடும் படத்துக்கு இவ்வளவு லேட்டாக வந்து சேர்ந்த ஹீரோ வேறு யாரும் இல்லை.

சரி, எல்லாரும் அடித்துக்கொள்கிற அந்த வந்தியத்தேவன் நிஜத்தில் யார்? எத்தனை போரில் ஜெயித்தார்? சரித்திரம் லேசாக இருமிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குந்தவைப் பிராட்டியார் அள்ளிக் கொடுத்த நகைநட்டுகளைப் பற்றிய கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டுமல்லவா? ராஜராஜரின் (நம் அருள்மொழிதான்) அக்கா, வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று சொல்கிறார்கள். அவ்வளவுதான் சார்! தமிழ்நாட்டின் நம்பர் ஒன் கதாநாயகன் சரித்திரத்தில் குடியிருப்பது, விண்ணப்பப் படிவத்தில் ‘கணவர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில்.

கல்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த ஆளை வெளியே இழுத்து, தூசி தட்டி, ஒரு குதிரையில் ஏற்றி, ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் விட்டார். 1950 அக்டோபர் 29-ல் ‘கல்கி’ வார இதழில் கிளம்பிய அந்தக் குதிரை 1954 மே 16 வரை ஓடியது. மூன்றரை வருஷம்! வாரா வாரம் தீனி போட்டாக வேண்டுமே. கல்வெட்டில் கிடைத்த ஆட்கள் போதவில்லை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் என்று கல்கி சொந்தச் செலவில் ஆள் எடுத்தார். இன்றைக்கு நந்தினி என்று ஒருத்தி இருந்ததேயில்லை என்று நீங்கள் சொன்னால், சரித்திரப் பேராசிரியர்களே கொஞ்சம் வருத்தப்படுவார்கள்.

இதில் கல்கிக்கு முன் அனுபவமும் உண்டு. 1939-ல் அவருடைய ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்குச் சித்திரத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள். வாசகருக்குக் கற்பனை செய்யும் சிரமமே இல்லை. ‘சம்பு சாஸ்திரி எப்படி இருப்பார்?’ என்ற கேள்விக்குப் பாபநாசம் சிவன் போட்டோவாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். பொன்னியின் செல்வனுக்கு அந்த வசதி செய்து தரவில்லை. ஓவியர் மணியம் வரைந்தார். அவர் குந்தவைக்குப் போட்ட கொண்டையைப் பார்த்த தமிழ்நாடு, ‘இந்தக் கொண்டைக்குக் கீழே எந்த முகத்தை வைக்கலாம்?’ என்று யோசிக்க ஆரம்பித்தது. நிறுத்த எழுபது வருஷம் ஆயிற்று.

முதலில் துணிந்தவர் எம்.ஜி.ஆர். 1958-ல் 10,000 ரூபாய் கொடுத்துக் கதை உரிமையை வாங்கினார். அந்த வருஷம்தான் ‘நாடோடி மன்னன்’ வந்து சக்கைப்போடு போட்டிருந்தது. டைரக்‌ஷனும் அவரே, இரட்டை வேஷமும் அவரே. அதே சூட்டில் பட்டியலை அறிவித்தார். வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, எம்.என். ராஜம், டி.எஸ். பாலையா, நம்பியார், ஓ.ஏ.கே. தேவர், நாகையா... கோடம்பாக்கத்தில் அன்று மிச்சம் இருந்தது லைட் பாய்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

திரைக்கதை எழுத அவர் பிடித்த ஆள் இன்னும் சுவாரஸ்யம். காரைக்குடி அழகப்பா கல்லூரி மேடையில், எம்.ஜி.ஆரை உட்கார வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவைக் கிழிகிழியென்று கிழித்த ஒரு மாணவர். கிழித்ததை ரசித்து, பிற்பாடு அவரையே கூப்பிட்டுப் பொன்னியின் செல்வனுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த மாணவர் பெயர் மகேந்திரன். பின்னாளில் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தாரே, அவரேதான். கதாபாத்திரங்கள் வாயைத் திறக்காமலே படம் எடுக்க முடியும் என்று தமிழர்களுக்குக் காட்டியவர், வாயை மூடவே தெரியாத வந்தியத்தேவனில்தான் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்.

படம் என்ன ஆயிற்று? 1959-ல் நாடக மேடையில் சண்டைக் காட்சியில் எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்த பிறகு வேறு படங்கள். கொஞ்ச வருஷம் கழித்து உரிமையைப் புதுப்பித்துக்கூடப் பார்த்தார், நடக்கவில்லை. 1977-ல் ஒரு மந்திரிசபைக்கே ஆள் போட்டு முடித்தவருக்கு, ஒரு சோழ சபைக்கு ஆள் போட வாய்க்கவில்லை.

காலைத்தான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். எனக்குச் சந்தேகம் முதலை மேல்.

எந்த முதலை? முதல் பாகத்தை எடுங்கள். அரிசிலாற்றங்கரை. பெண்கள் கூட்டம். பக்கத்தில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. நம் வல்லத்து இளவரசர் பார்க்கிறார். ஆகா, அபலைப் பெண்கள்! வேலை ஓங்கி முதலை மேல் எறிகிறார். பெண்கள் ஓடி வந்து காலில் விழுவார்கள் என்று நிற்கிறார். அவர்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஏனென்றால் அது செத்த முதலை. பஞ்சு அடைத்து, தோலைப் பதப்படுத்தி, விளையாட்டுக்கு வைத்த பொம்மை. பார்த்துக்கொண்டிருப்பவர் குந்தவை! தன் வருங்கால மனைவி முன்னால் பொம்மையோடு சண்டை போட்ட முதல் தமிழ்க் கதாநாயகன் வந்தியத்தேவன்தான்.

இப்போது இதில் எம்.ஜி.ஆரை வைத்து யோசியுங்கள். ‘குலேபகாவலி’யில் புலியோடு கட்டிப் புரண்டவர் அவர். அவர் எறிந்த வேல் செத்த முதலையில் குத்தி நிற்பதை, மதுரையில் முதல் நாள் முதல் காட்சி பார்க்கிற ரசிகர் அனுமதிப்பாரா? திரையைக் கிழித்துவிட மாட்டாரா? முதலைக்கு உயிர் கொடுத்தே ஆக வேண்டும். உயிர் கொடுத்தால் பெண்கள் சிரிக்க முடியாது. சிரிக்காவிட்டால் குந்தவைக்கு அவர் மேல் அந்தச் செல்லமான இளக்காரம் வராது. அது வராவிட்டால் காதலே இல்லை. ஒரு முதலையைத் தொட்டால் ஐந்து பாகமும் சரிகிறது பாருங்கள்.

முதலை ஒன்றோடு போகிறதா என்ன? கதை முழுக்க வந்தியத்தேவன் செய்வது இதே உத்தியோகம்தான். கடம்பூர் மாளிகை மதில் சுவரில் ஒரு தலை தெரிந்தால் வெட்டிவைத்த தலையோ என்று பதறுவார். எட்டிப் பார்க்கும் ஆழ்வார்க்கடியான் அது. நடுக்கடலில் கப்பல் எரிந்தால் இவரையும் இளவரசரையும் ஒரு ஓடக்காரப் பெண் வந்து கரைசேர்ப்பாள். எங்கே ஒளியக்கூடாதோ அங்கே ஒளிவார். எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொல்வார். நடுநடுவே பசி வேறு எடுக்கும். கல்கி எழுதிவைத்திருப்பது ஒரு அசல் காமெடியன் வேஷம். ஹீரோ சம்பளம் என்று போர்டு மாட்டியதால் ஹீரோக்கள் க்யூவில் நின்றார்கள்.

க்யூ என்றால் சாதாரண க்யூ இல்லை. எண்பதுகளின் கடைசியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் உட்கார்ந்து திரைக்கதை போட்டுப் பார்த்தார்கள். செலவுக் கணக்கு பயமுறுத்தியது, எழுந்துவிட்டார்கள். 2010 வாக்கில் மணிரத்னம் ஜெயமோகனோடு மறுபடி ஆரம்பித்தார். விஜய் வந்தியத்தேவன், மகேஷ் பாபு அருள்மொழி என்றெல்லாம் பேச்சு நடந்தது. அதுவும் நின்றது. ரசிகர்கள் தத்தம் பட்டியலோடு டீக்கடைகளில் தொடர்ந்து மோதிக்கொண்டார்கள். நடுவில் 1999-ல் ‘மேஜிக் லான்டர்ன்’ என்ற நாடகக் குழு, கோடி கோடியாகப் பணமோ குதிரைப்படையோ இல்லாமல், சென்னையில் முழுக் கதையையும் மேடையில் நடத்திக் காட்டிவிட்டுப் போனது. நாடகமாக்கியவர் குமரவேல். இருபது வருஷம் கழித்து மணிரத்னம் திரைக்கதைக்கு அவரையும் சேர்த்துக்கொண்டார். தெரு முனையில் வழி தெரிந்த ஆள் நிற்கும்போது ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து வழி கேட்பது நம்முடைய பாரம்பரியம்.

ரஜினி கதையைக் கேளுங்கள். 2022-ல் படத்தின் பாடல் வெளியீட்டு விழாவில் அவரே சொன்னது. வந்தியத்தேவனுக்கு யார் பொருத்தம் என்று ஒரு பத்திரிகைக் கேள்விக்கு, ஜெயலலிதா ரஜினியின் பெயரைச் சொன்னாராம். அதன் பிறகுதான் இவர் புத்தகத்தையே கையில் எடுத்தாராம். படித்ததும் என்ன செய்தார்? நீங்களும் நானும் செய்ததைத்தான். அருள்மொழிக்குக் கமல், அவர் அண்ணன் ஆதித்த கரிகாலனுக்கு விஜயகாந்த் என்று மனசுக்குள் ஒரு பட்டியல்! சூப்பர் ஸ்டாரானாலும் புத்தகத்தை மூடியதும் மனுஷன் நம்மோடு டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சம். மணிரத்னத்திடம் போய்ப் பெரிய பழுவேட்டரையர் வேஷம் கேட்டிருக்கிறார். உங்கள் ரசிகர்களிடம் என்னைத் திட்டு வாங்க வைக்கப் பார்க்கிறீர்களா என்கிற பாணியில் மணி மறுத்துவிட்டாராம். அறுபத்து நான்கு போர்க் காயங்களோடு, சிறு வயது மனைவியிடம் கிறங்கிக் கிடக்கும் கிழவர் வேஷம் அது. வந்தியத்தேவனை விட்டுவிட்டு வேறொன்றைத் தானாகக் கேட்டு வந்த ஒரு சூப்பர் ஸ்டார், வாய்ப்பு இல்லாமல் திரும்பினார். அதே மேடையில் இன்னொன்றும் சொன்னார்: ‘படையப்பா’ நீலாம்பரிக்கு நந்தினிதான் மூலமாம். ஆக, 2022 வரைக்கும் தமிழ்நாடு நந்தினிக்காகத் தவமிருந்தது வீண். 1999-லேயே அவர் ஊஞ்சலை இழுத்துப் போட்ட ஆளுக்கு எதிரே நின்று முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படி நடிகர்களைப் பற்றி நாம் அடித்துக்கொள்கிறோமே, அசல் சோழர்கள் தங்கள் விளம்பரத்தை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா? நம்ம பி.ஆர்.ஓ.க்கள் பிச்சை வாங்க வேண்டும்.

ஆதித்த கரிகாலனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பட்டம் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’. சரி, பயங்கரம்தான். ஆனால் அந்த வீரபாண்டியன் ஏற்கெனவே வைத்திருந்த பட்டம் என்ன தெரியுமா? ‘சோழன் தலைகொண்ட’. விசிட்டிங் கார்டில் இன்னொருத்தர் தலையைப் போட்டுக்கொண்டு திரிந்தவரின் தலை, அடுத்தவர் விசிட்டிங் கார்டுக்குப் போயிற்று. கதையில் கரிகாலனின் நண்பராக வரும் பார்த்திவேந்திரன் பெயரோடும் அதே பட்டம் கல்வெட்டில் வருகிறது. ஒரு தலைக்கு எத்தனை பேர் ராயல்டி கேட்பது?

ராஜராஜர் இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர். கல்வெட்டு என்றால் முன்பெல்லாம் நேரே விஷயத்துக்கு வருவார்கள்: இந்த ஊர், இத்தனை ஆடு, ஒரு விளக்கு. ராஜராஜர் மெய்க்கீர்த்தியை நிலையான ஏற்பாடாக்கினார். கோயிலுக்கு ஒரு விளக்கு எரிய ஆடு கொடுத்த சமாசாரமாக இருந்தாலும், முதலில் மன்னர் வென்ற நாடுகளின் பட்டியல் வரும். ஆடு கடைசியில் வரும். டைட்டில் கார்டு போட்டு, விசில் அடிக்க இடைவெளி விட்டு, அப்புறம் கதைக்கு வருகிற பழக்கம் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது என்றா நினைத்தீர்கள்?

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர் காலில் விழலாம். பெரிய கோயில் சுவரில், தளிச்சேரியில் குடியேற்றிய 400 ஆடல் பெண்களின் பெயர்களையும் வெட்டிவைத்தார். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு, எல்லாம். ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். கூடவே பாடுகிறவர், மத்தளம் தட்டுகிறவர், தையல்காரர், கணக்கர். ஆயிரம் வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற எண்ட் டைட்டில்! சம்பளம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போட்ட ஒரே தயாரிப்பாளர். அப்புறம் யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை.

சிம்மாசனத் தியாகம் மட்டும்? சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி விட்டுக்கொடுத்தாராம். அந்தச் சிற்றப்பா உத்தம சோழர் கிட்டத்தட்ட 15 வருஷம் ஆண்டார். கேட்கவே கண் கலங்குகிறது. இதைச் சொல்வது யார்? திருவாலங்காட்டுச் செப்பேடு. வெளியிட்டது யார்? அருள்மொழியின் மகன் ராஜேந்திரன். அப்பாவின் பெருந்தன்மைக்கு மகன் ஆட்சியில் செப்புத் தகட்டில் வந்த பிரஸ் நோட்டை நம்பி நாம் ஐந்து பாகம் அழுதிருக்கிறோம். அழுதது வீணில்லை, அழ வைத்த விதம் அப்படி. ஆனாலும் உத்தம சோழர் தரப்புச் செப்பேட்டில் இந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அவ்வப்போது குறுகுறுப்பு வரும்.

சரி, இவ்வளவு நக்கல் அடித்தவன் தன் பட்டியலைச் சொல்லாமல் தப்ப முடியுமா? சொல்கிறேன். கால்ஷீட், காலம், உயிரோடு இருப்பது போன்ற அற்ப நிபந்தனைகள் கிடையாது.

பெரிய பழுவேட்டரையர்: எஸ்.வி. ரங்காராவ். விவாதம் இல்லை. ‘மாயா பஜா’ரில் கல்யாணச் சாப்பாட்டையே துவம்சம் செய்த அந்த உடம்பில்தான் அறுபத்து நான்கு தழும்புக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. இந்தக் கிழவர் போகிற இடமெல்லாம் மூடுபல்லக்கு போகிறது. இளம் மனைவியைப் பிரிய மனமில்லாமல் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று ஊர் சிரிக்கிறது. உள்ளே ரகசியமாக உட்கார்ந்து போவதோ சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் மதுராந்தகன்! மானத்தை விட்டாவது ரகசியத்தைக் காப்பாற்றுகிற அந்த மீசைக்காரச் சங்கடத்தை ரங்காராவ் ஒரு செருமலில் காட்டிவிடுவார்.

நந்தினி: பானுமதி. ‘நாடோடி மன்னன்’ எடுக்கும்போது எம்.ஜி.ஆரோடு முட்டிக்கொண்டு பானுமதி பாதியில் விலகினார். அவர் பாத்திரத்தைக் கதையிலேயே சாகடித்துவிட்டு, சரோஜாதேவியை உள்ளே கொண்டுவந்தார்கள். 1958 பட்டியலில் பானுமதி பெயர் ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா? சோழ குலத்தையே பழிவாங்கத் துடிப்பவள் வேஷம் அது. தயாரிப்பாளரைப் பழிவாங்கத் துடிக்கும் நடிகை கைவசம் இருந்தும் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள்.

குந்தவை: ஜெயலலிதா. பழையாறையில் உட்கார்ந்த இடத்தில் இருந்தே, யாரை இலங்கைக்கு அனுப்புவது, யாரைக் காஞ்சிக்கு அனுப்புவது, யாரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்று தீர்மானிக்கிற ஒரு பெண்மணி. நடிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. வந்தியத்தேவனையும் அவரே தேர்ந்தெடுத்து அறிவித்துவிடுவார். டைரக்டருக்குத் தகவல் மட்டும் வரும்.

ஆதித்த கரிகாலன் சிவாஜி. ஒரே பிரச்னை, கடம்பூர் மாளிகையில் கொலை விழுந்த பிறகு அவர் இறந்து முடிக்க ஆறாம் பாகம் எழுத வேண்டியிருக்கும். சுந்தர சோழருக்கு நாகையா. படுத்தபடியே அழ வேண்டும், அவர் உட்கார்ந்தபடியும் அழுவார். வானதிக்கு அடிக்கடி மயங்கி விழத் தெரிந்தால் போதும் என்பதால் போட்டி கடுமை. சரோஜாதேவி மயிரிழையில் ஜெயிக்கிறார். ஆழ்வார்க்கடியானுக்கு டி.எஸ். பாலையா, கைத்தடியோடு. (மணிரத்னம் படத்தில் அந்த வேஷம் போட்ட ஜெயராமின் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அவர் வந்த காட்சிகளில் நானும்தான் கைதட்டினேன்.)

வந்தியத்தேவன்? நாகேஷ்.

கல்லை எறியாதீர்கள், கொஞ்சம் யோசியுங்கள். ஒல்லி உடம்பு, ஓயாத வாய், எங்கே போனாலும் மாட்டிக்கொள்ளும் ராசி. ‘திருவிளையாட’லில் யாரோ எழுதிக் கொடுத்த பாட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் சபைக்குப் போய் முழிக்கிற தருமியைப் பார்த்தீர்கள் அல்லவா? நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு தஞ்சைக் கோட்டைக்குள் போய் முழிக்கிற வந்தியத்தேவன் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதலைக் காட்சியில் ஒரு ஃப்ரேம் மாற்ற வேண்டாம். வேலை எறிந்துவிட்டு நாகேஷ் பெருமையாகத் திரும்பிப் பார்க்கும் அந்த முகத்தை நினைத்தாலே குந்தவைக்கு மட்டுமில்லை, முதலைக்கும் சிரிப்பு வரும்.

கடைசியில் மணிரத்னம் எடுத்தே முடித்தார். 2022 செப்டம்பர் 30-ல் முதல் பாகம், 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாவது. வந்தியத்தேவனாக வந்தவர் கார்த்தி. ஒரு காலத்தில் ‘ஆய்த எழுத்’தில் அதே மணிரத்னத்துக்கு உதவி இயக்குநர். ஓலையை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது, அங்கே திட்டு வாங்கி இங்கே வந்து சொல்வது, சாப்பாட்டு நேரத்தில் சாப்பாடு கிடைக்காமல் அலைவது என்று வந்தியத்தேவனின் வேலை முழுவதும் உதவி இயக்குநர் வேலைதானே? ரிகர்சல் கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

பார்த்திபன் பாடுதான் பரிதாபம். 2010-ல் ‘ஆயிரத்தில் ஒருவ’னில் அவர் சோழ மன்னர். அதில் கார்த்தி மூட்டை தூக்குகிற கூலியாள். பன்னிரண்டு வருஷம் கழித்துச் சோழர்கள் மறுபடி வந்தபோது கூலியாள் வாணர் குல இளவரசராகிவிட்டார். மன்னரோ தஞ்சைக் கோட்டைக் காவல் பார்க்கும் சின்னப் பழுவேட்டரையர். சோழ நாட்டில் பதவி இறக்கத்துக்கு மேல்முறையீடு கிடையாது போல.

ஐஸ்வர்யா ராய்க்கு நந்தினி, ஊமை ராணி என்று இரட்டை வேஷம். அவருக்கு இது புதிதல்ல. 1997-ல் மணிரத்னம் எடுத்த ‘இருவ’ரிலும் அவருக்கு இரட்டை வேஷம்தான். அந்தப் படம் யார் வாழ்க்கையைத் தழுவியது? எம்.ஜி.ஆரும் கருணாநிதியும். பொன்னியின் செல்வனை எடுக்க முடியாமல் போனவரை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் பொன்னியின் செல்வனை எடுத்திருக்கிறார் மணிரத்னம். கல்கி பாட்டு எழுதிய ‘மீரா’வில் 1945-ல் எம்.ஜி.ஆர். ஒரு சின்ன வேஷத்தில் வந்துபோனவர் என்பதையும் இங்கே போட்டுவைக்கிறேன். அந்தப் படத்தில் இருந்த நாகையாவையும் பாலையாவையும் தன் 1958 பட்டியலில் அவர் மறக்காமல் சேர்த்திருந்தார்.

எழுபது வருஷப் பட்டியல்களை எல்லாம் அலசியதில் ஒரு ஆச்சரியம் மிஞ்சுகிறது. வந்தியத்தேவனுக்கு ஆயிரம் பேர் மனு போட்டார்கள். அருள்மொழிக்கு, கரிகாலனுக்கு, ஏன், கிழட்டுப் பழுவேட்டரையருக்கே சூப்பர் ஸ்டார் மனு போட்டார். சேந்தன் அமுதனாக நடிக்கிறேன் என்று ஒரு ஜீவனாவது கேட்டதுண்டா? தஞ்சாவூரில் பூக்கட்டிக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு, பூங்குழலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் சாது. வாளைத் தூக்க வேண்டாம், குதிரை ஏற வேண்டாம், ஜிம்முக்குப் போக வேண்டாம். கல்கி கதைப்படி நிஜ மதுராந்தகர் அவர்தான். எல்லாரும் வெட்டி மடிந்து, துரத்தி, தியாகம் செய்து களைத்த பிறகு, சோழ சிம்மாசனமும் பூங்குழலியும் அந்தப் பூக்காரப் பையனுக்குத்தான் போகின்றன. முழுப் புத்தகத்திலும் இதைவிட லாபமான வேஷம் கிடையாது. ஒரு விண்ணப்பம் வரவில்லை.

மணிரத்னம் படத்தில் அஸ்வின் அந்த வேஷத்தில் நடித்தார். அமைதியாக, அழகாக நடித்தார். இரண்டாம் பாகத்தின் கடைசியில் கிரீடம் வந்தது. ஐந்து பாகக் கதையை இரண்டு படத்தில் அடைத்த அவசரத்தில், அதை ரஹ்மானின் மதுராந்தகன் தலையிலேயே வைத்து முடித்துவிட்டார்கள்.